எங்கள் வீட்டுக் காவல் செம்மறி

சாம்பார் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அத்தை அதன் நுனியிலிருந்து எதையோ இரண்டு விரலால் உருவினார். நீளமாக வந்தது. பாதி கறுப்பு, பாதி பழுப்பு. "இன்னைக்கும் வந்துருச்சு கண்ணு" என்று என் கணவரிடம் காட்டிவிட்டு அந்த முடியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அது ஜெர்மன் ஷெப்பர்டின் முடி. டைகர் என்று பெயர் வைத்திருந்தோம். கோயம்புத்தூரில் வடவள்ளி தாண்டி மருதமலை போகும் வழியில், உள்ளே தள்ளி ஒரு லே-அவுட்டில் எங்கள் வீடு. 2019-ல் குடிவந்தபோது சுற்றிலும் நான்கே வீடுகள், மிச்சமெல்லாம் சீமைக்கருவேல். கணவருக்குப் பம்ப் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, மாதத்தில் பாதி நாள் இரவு. வீட்டில் நான், அத்தை, ஏழு வயது மகள். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் இரண்டு முறை செம்புக் கம்பி திருட்டுப் போனது. அடுத்த மாதமே டைகர் வந்துவிட்டான். விற்றவர், "தினமும் சீவி விட்டா ஒரு முடி விழாதுங்க" என்றார். நம்பினோம். நாய் வாங்குகிற அவசரத்தில் இருப்பவர்கள் எதையும் நம்புவார்கள்.

குட்டியாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் பெரிய நாயின் ரோமம் வந்தது. ஷெப்பர்டுக்கு இரட்டை ரோமம்: மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு போல ஒன்று. அந்தப் பஞ்சு ஆண்டு முழுக்க உதிரும், வருடத்துக்கு இரண்டு முறை மொத்தமாகக் கொட்டும். பெருக்கி முடித்துத் திரும்பினால் கட்டிலடியில் இன்னொரு நாய் உருண்டு கிடப்பது போல இருக்கும். அதைக்கூடச் சமாளித்திருப்போம். மகளுக்கு ஏற்கெனவே லேசாக வீசிங் இருந்தது. அந்த மார்ச், ஏப்ரலில் ராத்திரி ஒரு மணிக்கு நெபுலைசர் வைப்பது வாரம் மூன்று நாள் என்றானது.

டைகரைப் பொள்ளாச்சியில் கொழுந்தனாரின் தோப்புக்கு அனுப்பினோம். அங்கே நன்றாகத்தான் இருக்கிறான், போனால் அடையாளம் தெரிந்து குதிக்கிறான். ஆனாலும் வண்டி கிளம்பிய அன்று மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்காது. தப்பாகத் தேர்ந்தெடுத்தது நாங்கள், வீடு இழந்தது அவன்.

அப்புறம் இரண்டு வருடம் நாய் என்ற பேச்சே எடுக்கவில்லை. எடுத்தது மகள்தான். "முடி கொட்டாத நாய் இருக்காமா" என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு நெஞ்சு நோய் மருத்துவரிடம் போனேன். அவர் சொன்ன முதல் பதில்: "என்னைக் கேட்டா நாயே வேண்டாம்பேன்." இரண்டாவது பதிலுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

நான் அதுவரை முடிதான் வில்லன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லித்தான் தெரிந்தது, பிரச்சினை முடியில் இல்லை. நாயின் எச்சில், தோலிலிருந்து உதிரும் பொடுகு, சிறுநீர் இவற்றில் இருக்கும் சில புரதங்கள்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. அதில் முக்கியமானதற்குக் கேன் எஃப் 1 என்று பெயர். நாய் தன்னை நக்கிக்கொள்ளும்போது எச்சில் முடியில் காய்கிறது, அது தூளாகி மிதக்கிறது. நாயே இல்லாத வீடுகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும்கூட அது கிடைத்திருக்கிறது, மற்றவர்கள் துணியில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுகிறது. ஆக, முடியே இல்லாத நாயாக இருந்தாலும் இந்தப் புரதம் இருக்கும்.

"அலர்ஜி வராத ஜாதி" என்று விற்கிறார்களே, அது? அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வீட்டுத் தூசியை எடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. அப்படிச் சொல்லப்படும் ஜாதி நாய்கள் இருந்த வீட்டுக்கும் மற்ற நாய்கள் இருந்த வீட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வருடம் நெதர்லாந்தில் நாய்களின் முடியையே எடுத்து அளந்தார்கள். "அலர்ஜி வராத" ஜாதிகளின் முடியில் அந்தப் புரதம் கூடுதலாகவே இருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதிராத முடி எச்சிலையும் பொடுகையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும்தானே.

இன்னொரு விஷயமும் சொன்னார். கேன் எஃப் 5 என்ற புரதம் ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. சிலருக்கு அது மட்டும்தான் ஆகாது. அவர்கள் பெண் நாய் வளர்த்தால் தொந்தரவு இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு. ரத்தத்தில் ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. செலவானாலும் செய்தோம். மகளுக்கு 1, 5 இரண்டுமே காட்டியது, 1 கொஞ்சம், 5 கூடுதல். அந்த ஒரு காகிதத்தால் பாதிக் கேள்வி தீர்ந்தது: வந்தால் பெண் நாய்தான். நாய் வாங்கும் முன் வீட்டில் யாருக்காவது தும்மலோ இழுப்போ இருந்தால், குட்டிக்குக் கொடுக்கும் முன்பணத்தை முதலில் இந்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்பேன்.

அப்படியென்றால் முடி கொட்டாத நாயைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் வேறு காரணத்துக்கு. உதிராத முடியில் இருக்கும் புரதத்தை நாயோடு சேர்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். சோபாவுக்குள்ளும் போர்வைக்குள்ளும் போன முடியைக் கழுவ முடியாது. ஆக, வேலை குறையவில்லை, வீட்டிலிருந்து நாயின் உடம்புக்கு இடம் மாறுகிறது. இது எங்களுக்குச் சரிப்பட்டு வரும் என்று தோன்றியது.

உதிராத நாயைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் உண்டு. மீசை, தாடி, புதர் போலப் புருவம். நாய்களின் ரோம வகைகளில் பெரும்பாலானவை மூன்று மரபணுக்களின் கலவையால் வருகின்றன என்று 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஒன்று நீளம், ஒன்று சுருள், ஒன்று இந்த மீசை புருவம். மீசை தரும் அந்த மரபணு இருக்கும் நாய்கள் பொதுவாகக் குறைவாகவே உதிர்க்கும். லாசா ஆப்சோ, ஷ்னாசர், பூடில் எல்லாம் இந்தப் பக்கம். லாப்ரடார், பொமரேனியன், ஷெப்பர்ட் எல்லாம் வழவழ மூஞ்சிப் பக்கம். சின்ன வயதில் எங்கள் அம்மா வீட்டில் இருந்த வெள்ளை நாயைப் பொமரேனியன் என்றுதான் சொல்வோம். உண்மையில் அது இந்தியன் ஸ்பிட்ஸ். காவலுக்கு அதைப் போல ஒன்று கிடையாது, இலை விழுந்தாலும் குரைக்கும். அம்மாவின் கறுப்புப் பட்டுப்புடவை என்ன ஆனது என்பது தனிக்கதை.

அடுத்து, காவல். இதில்தான் எங்களுக்குள் சண்டையே வந்தது. கணவருக்குக் காவல் நாய் என்றால் ராட்வைலர். எனக்கோ பிள்ளையின் தோழிகள் வந்து போகும் வீடு. யோசித்துப் பார்த்தால் காவல் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலை இருக்கிறது. ஆள் வருவதை அறிவிப்பது ஒன்று. வந்தவன் தயங்கும்படி கேட்டில் நிற்பது இரண்டு. பாய்ந்து பிடிப்பது மூன்று. மூன்றாவது வேலைக்குப் பயிற்சி பெற்ற நாயும் வேண்டும், அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற மனுஷனும் 60 வயதைத் தாண்டிய அத்தையும் அந்த ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்கு வேண்டியது முதல் இரண்டு மட்டும்.

சட்டமும் ஞாபகத்தில் இருக்கட்டும். நம் நாய் யாரையாவது கடித்து, அதில் நம் கவனக்குறைவு இருந்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை ராட்வைலர், பிட்புல் உட்பட 23 இனங்களுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாளை எந்த ஊரில் எந்த விதி வரும் என்று சொல்ல முடியாது. பட்டியலில் பெயர் இருக்கிற நாயை வாங்கிவிட்டு வருடா வருடம் செய்தித்தாளைப் பார்த்துப் பயப்பட எனக்கு இஷ்டமில்லை. கணவர் இறங்கி வர ஒரு மாதம் ஆனது.

நாட்டு நாய்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. 2005-ல் தபால் துறை இந்திய நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று நம் ராஜபாளையம். கோம்பை, தேனிப் பக்கத்து மலையடிவார நாய், காவலுக்குப் பேர் போனது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடிப் பிடிக்கிற வேட்டை நாய்கள். நான்குக்கும் ஒட்டிய குட்டை ரோமம், நம் வெயில் பழகிய உடம்பு. மனதளவில் ராஜபாளையம்தான் என்று முடிவு செய்துவிட்டே ஶ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்தவர் வீட்டுக்குப் போனோம். அவர்தான் ஒரு நல்ல விஷயம் கற்றுக்கொடுத்தார். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே விட்டு, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று தட்ட வேண்டும். கூட்டத்தோடு இருந்தால் மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும், நாம் ஏமாந்துவிடுவோம். தரையில் தட்டினாலும் அதிர்வு தெரிந்துவிடும்.

மகள் தாய் நாயோடு ஒரு மணி நேரம் விளையாடினாள். கிளம்பும்போது அவள் கறுப்புப் பேண்ட் முழுக்க வெள்ளை ஊசிகள். குட்டை முடி உதிராது என்று பலர் நினைக்கிறார்கள். உதிரும். பந்து பந்தாக உருளாததால் கண்ணில் படாது, ஆனால் துணிக்குள் ஊசி மாதிரி குத்தி நிற்கும். விருதுநகர் தாண்டுவதற்குள் அவளுக்குத் தும்மல் ஆரம்பித்துவிட்டது. அதற்கு ராஜபாளையத்தைக் குறை சொல்ல முடியாது. இழுப்புத் தொந்தரவு இல்லாத வீடாக, கொஞ்சம் ஓட இடம் இருக்கிற வீடாக இருந்திருந்தால் நான் இன்று வேறு கதை எழுதியிருப்பேன்.

வெளிநாட்டுப் பட்டியலில் காவலுக்கும் ஆகும், முடியும் கொட்டாது என்றால் முதலில் வருவது ஜெயன்ட் ஷ்னாசர். ஜெர்மனியின் பவேரியாவில் மாடு ஓட்டிக்கொண்டு போக வளர்த்தது, பிறகு போலீஸ் வேலைக்கும் போனது. 60 முதல் 70 செண்டிமீட்டர் உயரம், கறுப்புத் தாடி, பார்த்தாலே கேட்டைத் திறக்க மனசு வராது. ஆனால் அதற்குத் தினமும் வேலை வேண்டும். வேலை கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்ளும், பெரும்பாலும் அது நமக்குப் பிடிக்காத வேலையாக இருக்கும். பிளாக் ரஷ்யன் டெரியர் என்று ஒன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ராணுவத்துக்காக மாஸ்கோ பக்கம் உருவாக்கினார்கள். பனிக்காக அடர்த்தியாக ரோமம் வளர்த்த பிராணியைக் கோயம்புத்தூர் மே மாதத்தில் கட்டிப்போடுவது பாவம். லாசா ஆப்சோ திபெத்திய மடங்களுக்குள் காவல் காத்த சின்ன நாய், காது பயங்கரக் கூர்மை. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். அத்தை படத்தைப் பார்த்துவிட்டு, "இது குரைச்சா திருடன் எடுத்துக் கொஞ்சுவானே" என்றார். அத்தோடு அது போயிற்று.

மிஞ்சியது ஸ்டாண்டர்ட் பூடில். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ரிப்பன் கட்டிய பொம்மை நாய்தான் எல்லோர் மனதிலும் வருகிறது. அது டாய் வகை. பெரிய பூடில் வாத்து வேட்டையில் தண்ணீருக்குள் குதித்து எடுத்து வந்த வேலைக்கார நாய். பூடில் என்ற பேரே தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. கேலிக்கூத்து மாதிரி இருக்கும் அந்தச் சிங்க வெட்டுக்கூட, நீந்தும்போது மூட்டும் நெஞ்சும் குளிராமல் இருக்க அங்கே மட்டும் முடியை விட்டு வைத்ததுதான். வளர்ந்தால் இடுப்புக்கு வரும், குரல் அடிவயிற்றிலிருந்து வரும். முன்பின் தெரியாதவர்களிடம் ஒட்டாமல் தள்ளி நிற்கும். பாய்ந்து கடிக்கிற சுபாவம் கிடையாது. எங்களுக்கு வேண்டிய முதல் இரண்டு வேலைக்குப் போதும்.

ஆனால் மகளுக்கு ஒத்துக்கொள்ளுமா? இங்கே லாப்ரடூடில் கதை உதவியது. 1989-ல் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய் நிறுவனம் ஒன்றில் வாலி கான்ரன் என்பவர் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தார். ஹவாயில் பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் வேண்டும், அவர் கணவருக்கோ நாய் ஆகாது. பிறந்த மூன்று குட்டிகளின் முடியையும் எச்சிலையும் அவருக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒரு குட்டிதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றில் பிறந்த மூன்றில் ஒன்று! உலகம் முழுக்க அந்தக் கலப்பை "அலர்ஜி வராத நாய்" என்று விற்றார்கள். கான்ரனே பின்னாளில் வருத்தப்பட்டார். கதையில் எனக்கு வேண்டியது அந்த முடியும் எச்சிலும்தான். ஜாதியைப் பார்க்காதே, அந்த நாயைப் பார்.

பெங்களூரில் வீட்டோடு வைத்து வளர்க்கும் ஒருவரைக் கண்டுபிடித்தோம். தாயையும் குட்டிகளையும் நேரில் காட்டினார், பெற்றோருக்கு மூட்டுக் கோளாறு இல்லை என்று காட்டும் இடுப்பெலும்பு எக்ஸ்ரே வைத்திருந்தார், கென்னல் கிளப் பதிவு இருந்தது. "இப்பவே அட்வான்ஸ் போடுங்க" என்ற பேச்சே வரவில்லை. வேறு இருவரிடம் கேட்டபோது தாயைக் காட்ட மறுத்தார்கள், அங்கேயே நாங்கள் திரும்பிவிட்டோம். ஒரு பழைய தலையணை உறையால் தாய் நாயை நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்தோம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பகலில், ஞாயிற்றுக்கிழமை மகள் அதை மடியில் வைத்துப் படம் பார்த்தாள். முதல் நாள் ஒரு தும்மல். நான்கு வாரம் இப்படி. இரண்டு முறை நேரில் போய் அரை நாள் அந்த வீட்டிலேயே இருந்தோம். இழுப்பு வரவில்லை. கடும் ஆஸ்துமா இருக்கும் வீட்டில் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.

எட்டு வாரம் முடிந்து குட்டி வந்தது. கறுப்பு, சுருள் சுருளாக. மகள் மிளகு என்று பெயர் வைத்தாள். 65,000 ரூபாய் கொடுத்தோம். அத்தைக்கு 15,000 என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

முதல் ஆறு மாதம் நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன். தரையில் ஒரு முடி இல்லை. எதிர்வீட்டு ஐயா வாக்கிங் போகும்போதெல்லாம் நின்று, "ஏனுங் அம்மிணி, செம்மறி என்ன விலைக்குப் புடிச்சீங்க?" என்பார். சிரித்துக்கொள்வேன். பத்தாவது மாதம் வட்டி சேர்த்து வாங்கிவிட்டது. குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் நேரம் அது. உதிர வேண்டிய முடி கீழே விழாமல் பக்கத்து முடியிலேயே சிக்கிக்கொள்கிறது. மேலே பார்த்தால் பஞ்சு மாதிரி அழகு. விரலை உள்ளே விட்டால் காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டை படும் இடத்தில் கம்பளி போலக் கட்டி. நான் தினமும் மேலாகச் சீவிக்கொண்டிருந்திருக்கிறேன். முடி திருத்தும் கடைப் பையன் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அவிழ்க்க முடியாதுக்கா, அதுக்கு வலிக்கும், மொட்டைதான்" என்றான். மொட்டையடித்து வந்த மிளகைப் பார்த்து அத்தை ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

அதற்கப்புறம் கற்றுக்கொண்ட முறை இது. ரோமத்தைக் கையால் மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரிகிற மாதிரி ஒரு வகிடு. அந்த வகிட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி பிரஷ். கடைசியில் இரும்புச் சீப்பு வேரிலிருந்து நுனிவரை தடையில்லாமல் போக வேண்டும். சீப்பு நின்றால் அங்கே கட்டி இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை இருபது நிமிடம். சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டவே கூடாது, தண்ணீர் பட்டால் கட்டி இறுகிவிடும். கடையில் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை 1,800 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் 6,500-க்கு ஒரு கிளிப்பர் வாங்கி நானே வெட்ட ஆரம்பித்தேன். முதல் வெட்டில் நாய் படிக்கட்டு மாதிரி இருந்தது. இப்போது பரவாயில்லை. உடம்பெல்லாம் ஒரே குட்டையாக, ஒரு செண்டிமீட்டர் விட்டு வெட்டுகிறேன். நம் ஊருக்கு அலங்கார வெட்டெல்லாம் ஆகாது.

குளியல் வாரம் ஒன்று. ஒருமுறை குளித்தால் முடியிலிருக்கும் அந்தப் புரதம் நன்றாகக் குறைகிறது, ஆனால் சில நாளிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடுகிறது. அதனால் வாரம் இரண்டு முறை வேண்டும் என்கிறார்கள். இரண்டு முறை செய்து பார்த்தோம், மிளகுக்குத் தோல் வறண்டு சொறிய ஆரம்பித்தாள். ஒன்று குளியல், ஒன்று ஈரத்துணித் துடைப்பு என்று இறங்கி வந்தோம். சுருள் முடி லேசில் காயாது. வெயிலில் விட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், நாற்றமும் வரும், தோலும் கெடும். ஊதிக் காயவைக்கும் ப்ளோயர் இல்லாமல் இந்த நாயை வாங்காதீர்கள். காது இன்னொரு தலைவலி. தொங்கும் காது, உள்ளே முடி, உள்ளே ஈரம். இரண்டு முறை காதுத் தொற்றுக்கு மருத்துவம் பார்த்தோம். உண்ணி இருக்கிறதே, அது சுருளுக்குள் ஒளிந்துகொண்டால் கண்ணுக்கே தெரியாது. உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொன்றுவிடும். நடந்து வந்தவுடன் கால்விரல் இடுக்கு, காதோரம், வாலடி எல்லாம் விரலால் தடவிப் பார்ப்பது அத்தையின் வேலை. அவர் விரலுக்குத் தப்பியது எதுவும் இல்லை.

மகளின் படுக்கையறைக்குள் மிளகுக்கு அனுமதி இல்லை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அறையில் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி போட்ட காற்றுச் சுத்திகரிப்பான் ஓடுகிறது. மகள் தினசரி இன்ஹேலரை நிறுத்தவில்லை, மருத்துவரும் நிறுத்தச் சொல்லவில்லை. நெபுலைசரைக் கடந்த வருடம் இரண்டு தடவைதான் எடுத்தோம், இரண்டும் சளிக் காய்ச்சலில்.

காவல் விஷயம் நான் நினைத்ததற்கு நேர்மாறாகப் போனது. ராத்திரி வெளியே கட்டிவைப்பதுதான் காவல் என்று கணவர் வாசலில் கூண்டெல்லாம் அடித்து வைத்திருந்தார். மருதமலை அடிவாரத்தில் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப் போவது புதிதில்லை. யானையும் வரும். கட்டிக்கிடக்கிற நாய் யானையைப் பார்த்துக் குரைத்தால் யானை விலகிப் போகும் என்று யார் சொன்னது? வனத்துறைக்காரர் ஒருவர் கூண்டைப் பார்த்துவிட்டு, "சிறுத்தைக்குப் பார்சல் கட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து மிளகு ஹாலில், வாசற்கதவுக்கு உள்ளே படுக்கிறாள். அதுதான் சரியான இடமும்கூட. உள்ளே இருக்கும் நாய்க்கு யாரும் விஷம் கலந்த கறி போட முடியாது. வெளியே இருப்பவனுக்கு நாய் எத்தனை பெரிசு, என்ன ஜாதி என்று தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். பூடில் என்று தெரியாத வரைக்கும் அந்தக் குரலுக்கு மதிப்பு அதிகம்.

குரைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை, நிறுத்தச் சொல்லித்தர வேண்டும். கேட் சத்தத்துக்கு அவள் குரைப்பாள். நான் போய்ப் பார்ப்பேன். "சரி, போதும்" என்பேன். நிறுத்தினால் ஒரு வறுத்த கோழித்துண்டு. மூன்று வாரத்தில் பிடித்துக்கொண்டாள். முக்கியம், நாம் போய்ப் பார்ப்பதுதான். பார்க்காமல் உள்ளேயிருந்து "ஏய் சும்மா இரு" என்று கத்தினால், இவர்களும் நம்மோடு சேர்ந்து குரைக்கிறார்கள் என்றுதான் நாய் நினைக்கும். முதல் நான்கு மாதத்தில் பால்காரர், கேஸ் சிலிண்டர் அண்ணன், தலைக்கவசம் போட்ட கூரியர் பையன், குடை பிடித்தவர், தாடி வைத்தவர் என்று எல்லா வகை மனிதர்களையும் அவளுக்குக் காட்டினோம். நன்றாகக் காவல் காக்க வேண்டுமானால் யாரிடமும் பழக விடக்கூடாது என்பார்கள். தப்பு. வழக்கமானது எது என்று தெரிந்த நாய்தான் வழக்கமில்லாததைக் கண்டுபிடிக்கும். ஒரே பின்விளைவு, சிலிண்டர் அண்ணனைக் கண்டால் மிளகு மல்லாக்க விழுந்து வயிற்றைக் காட்டுகிறாள். அவர் மட்டும் திருட வந்தால் நாங்கள் காலி.

சோதனை ஒரு நாள் வந்தது. போன வருடம் ஐப்பசி, மழை நாள், மின்சாரம் இல்லை, கணவர் நைட் ஷிஃப்ட். மணி இரண்டேகால். அவளுடைய வழக்கமான குரைப்பு இல்லை, இடைவெளியே விடாமல் ஆழமாக, பின்பக்கக் கதவைப் பார்த்து. நான் எழுந்து "சரி, போதும்" என்றேன். நிறுத்தவில்லை. அவள் நிறுத்தாதது அதுதான் முதல் தடவை. கதவைத் திறக்கவில்லை. பின்பக்க ஜன்னலிலிருந்து டார்ச் அடித்துவிட்டு எதிர்வீட்டு ஐயாவுக்குப் போன் போட்டேன். அவர் விளக்கோடு வருவதற்குள் மதிற்சுவர்ப் பக்கம் யாரோ குதித்து ஓடுகிற சத்தம். காலையில் பார்த்தால் போர்வெல் மோட்டார் ஒயர் பாதி அறுத்துக் கிடந்தது. செருப்பு ஒன்று சேற்றில். மிளகு அதை மோந்துவிட்டு வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டாள். வாத்து எடுத்து வருகிற ஜாதி அல்லவா.

எதிர்வீட்டு ஐயா அதற்கப்புறம் செம்மறி என்று சொல்வதில்லை. போன வாரம் வந்து, "எங்க பேத்திக்கும் இழுப்பு இருக்குதுங். அந்தப் பெங்களூர்க்காரர் நெம்பர் இருக்குங்களா?" என்று கேட்டார். நம்பர் தருவதற்கு முன் ஒரு நாள் காலையில் வரச் சொல்லி, கையில் இரும்புச் சீப்பைக் கொடுத்து, மிளகின் அக்குளைக் காட்டினேன். பத்து நிமிடம் சீவினார். நெற்றியெல்லாம் வியர்வை. "தெனமுமாங்?" என்றார். இரண்டு நாளைக்கு ஒரு தடவை என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

வெட்டுகிற முடி ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டைப்பை நிறைய வருகிறது. அத்தை அதைக் குப்பையில் போட விடுவதில்லை. கறிவேப்பிலைச் செடியடியில் குழி தோண்டிப் போட்டு மண்ணை மூடுகிறார், நல்ல உரமாம். செடி மதிற்சுவரைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது. சாம்பாருக்குத் தினமும் அதிலிருந்துதான் ஒடிக்கிறார்.